பன்னிரண்டு என்று எழுதிய துப்பாக்கி

இந்தக் காலத்தில் ஒருத்தனும் தன் கையால் தப்பு நடந்தது என்று ஒத்துக்கொள்வதில்லை. தைத்த சட்டை கோணலாக வந்தால் தையல்காரன் மிஷினைச் சொல்கிறான். வண்டியைச் சுவரில் இடித்தவன் பிரேக்கைச் சொல்கிறான். பரீட்சையில் கோட்டைவிட்டவன் பேனாவைச் சொல்கிறான். எங்கள் துப்பாக்கிக் கழகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதினெட்டு வருஷத்தில் 'நான்தான் தப்பவிட்டேன்' என்று ஒரு ஆள் சொல்லி என் காதில் விழுந்ததில்லை. தோட்டா மட்டம், வெயில் கண்ணில் அடித்தது, பக்கத்துப் பாயில் படுத்தவன் இருமினான். எல்லாம் கேட்டாயிற்று.

நான் அங்கே குழி ஆள். சுடுகிறவர்கள் ஒரு முனையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருப்பார்கள். அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு மண்மேடு, அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான சிமெண்ட் பள்ளம். அதுதான் என் ஆபீஸ். தாள் ஒட்டிய சட்டம் என் தலைக்கு மேலே நிற்கும். குண்டு தாளைத் துளைத்ததும் சட்டத்தைக் கீழே இழுப்பேன். பழைய ஓட்டைக்கு மேல் ஒரு சதுரத் துண்டு ஒட்டி, புது ஓட்டையில் வெள்ளை வில்லையைச் செருகி, மறுபடி மேலே தள்ளுவேன். போனில் எண்ணைச் சொல்வேன். சாயங்காலம் கழகத்துத் துப்பாக்கிகளின் குழலைக் கம்பி விட்டுத் துடைத்து வைப்பதும் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஓட்டையைப் பார்க்க அது போதும்.

என் மகளும் அங்கேதான் சுடுகிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். சொந்தத் துப்பாக்கி வாங்க எங்களுக்கு வக்கில்லை. கழகத் துப்பாக்கிதான். அதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தேர்வு, பத்துக் குண்டு, நூற்றுக்கு எண்பத்தெட்டு எடுத்தால் அணியில் இடம். தொடர்ந்து மூன்று வருஷம் எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு, துப்பாக்கியை வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் வருஷம் அவள் எண்பத்துநான்கு. போன வருஷம் எண்பத்தைந்து. இது மூன்றாவது.

கை நடுங்குகிறது என்று நான் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை என் மருமகன் சர்க்கரை டின்னைத் தேடினார். அவர் நில அளவைக்காரர். எதையும் அளக்காமல் விடமாட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே எங்கள் வாசற்படி ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று சொன்ன ஆள். அலமாரித் தட்டுகளுக்குக் கழித்துப்போட்ட இலக்குத் தாள்களை நான்தான் மடித்து விரித்து வைப்பது வழக்கம். கெட்டித் தாள், கறை பிடிக்காது.

"மாமா, இது எந்தத் தாள்?"

"எந்தத் தாளா இருந்தா என்ன மாப்பிள்ளை, டின்னுக்கு அடியில கிடக்குற தாள்."

"இல்ல, மூலையில நம்பர் இருக்கு. இவளோட போன வருஷத் தேர்வுத் தாள் இது."

அவ்வளவுதான். டின்கள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. தாளைப் பிரித்துச் சமையலறை நடுவில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டார். என் மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வீடு மாத்துறோமா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல."

"இங்க பாரு. உன் பத்துக் குண்டு. மேலயும் கீழயும் எவ்வளவு? ஒரு சாண். பக்கவாட்டுல? மூணு சாண்." அவர் என் பக்கம் திரும்பினார். "கை நடுங்கினா எல்லாப் பக்கமும் சிதறணும் மாமா. இது துணி காயப்போட்ட கொடி மாதிரி ஒரே கோட்டுல இருக்கு. இது காத்து."

"காத்துன்னா காத்துக்கொடியப் பாக்கலைன்னு அர்த்தம்" என்றேன்.

"பாத்தேன்ப்பா."

"பாத்தா இப்படியா போகும்?"

"என் பக்கத்துல இருக்குற கொடி ஒண்ணு சொல்லும். நடுவுல இருக்குறது வேற சொல்லும். உங்க குழிகிட்ட நிக்கிறது ரெண்டும் பொய்யின்னு சொல்லும். நாத்தனார் மூணு பேர் இருக்குற வீடு மாதிரி. யார் சொல்றதக் கேட்டாலும் மத்த ரெண்டு பேருக்கும் கோவம்."

மருமகன் சிரிக்கவில்லை. தாளிலேயே கண். "நீ சுடுறது அம்பத்தஞ்சு. அதான் காத்து இழுத்துட்டுப் போகுது."

பெட்டியில் போட்டிருக்கும் எடைக் கணக்கு அது. ஐம்பத்தைந்து என்றால் குட்டையான, லேசான குண்டு. கிளம்பும்போது பறக்கும். பாதி வழி போனதும் வேகம் செத்துவிடும், அப்புறம் காற்று சொன்ன பக்கம் சாயும். எழுபத்தேழு என்று ஒன்று இருக்கிறது. நீளம், கனம், மூக்கு கூர். அது வேகத்தை விடாமல் வரும், அதே காற்றில் இதைவிடப் பாதிதான் விலகும். இது மருமகன் சொன்னது. நான் சொல்லவில்லை.

"எழுபத்தேழு இந்தத் துப்பாக்கியில போகாதுங்க" என்றாள் மகள். "பன்னெண்டுன்னு எழுதியிருக்கே."

பன்னிரண்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். குழலுக்குள்ளே திருகாணி மரை போலப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதைப் பிடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றிக்கொண்டே வெளியே வரும். சுற்றினால்தான் மூக்கு முன்னாலே நிற்கும். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சோம்பல் சுற்று, குட்டைக் குண்டுக்குப் போதும். நீளக் குண்டுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும், இல்லாவிட்டால் குடித்தவன் மாதிரித் தள்ளாடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை ஒரு புத்திசாலி பன்னிரண்டுத் துப்பாக்கியில் எழுபத்தேழைப் போட்டுச் சுட்டான். குழியில் நான். ஓட்டை வட்டமாக இல்லை, செருப்பு அடி மாதிரி நீளமாக இருந்தது. குண்டு குறுக்கே படுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்தது தாளிலேயே இல்லை, சட்டக் கட்டையைப் பிளந்துவிட்டது. மூன்றாவதுக்கு நான் தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

"பன்னெண்டுன்னு அளந்தது யாரு?" என்றார் மருமகன்.

"நத்தை."

நத்தை என்பது கழகத்துத் துப்பாக்கி ரிப்பேர்காரன். ஒரு ஸ்க்ரூ மாற்றக் கொடுத்தால் மூன்று மாதம். பெயர் நான் வைத்ததுதான், இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் அவன் அறைக்குப் போனோம். ஒரு ஜன்னல், இரண்டு மேசை, எண்ணெய் நாற்றம். சுவரில் கழகத்தின் ஒன்பது துப்பாக்கியும் நின்றன, ஒவ்வொன்றின் கட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் சுற்று எண். மகளின் துப்பாக்கி வேறொரு கழகத்திலிருந்து செகண்ட்ஹேண்டாக வந்தது. யாரோ குழலை மாற்றிக் கறுப்பு பூசியதில், எத்தனை அங்குலச் சுற்று என்ற பழைய முத்திரை போய்விட்டிருந்தது.

"நானே அளந்தேன் சார், மூணு தடவை" என்றான் நத்தை. "பதினொண்ணரை வந்துச்சு. அப்புறம் பதிமூணு. அப்புறம் பதினாலு. இங்க இருக்குறது எல்லாமே பன்னெண்டு, அதனால இதுவும் பன்னெண்டுன்னு போட்டேன்."

"மூணு தடவைக்கு மூணு கணக்கு வந்தா அதுக்குப் பேரு அளவு இல்ல. சீட்டுக் குலுக்கல்."

"உங்க அளவுல பக்கத்து நிலத்துக்காரன் ஒரு அடியும் தள்ளிப் போனதில்லையா சார்?" என்றான் நத்தை. அவனுக்கும் ரோஷம் இருக்கிறது.

அளக்கும் முறை எளிது. துடைக்கும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் தள்ளவேண்டும். துணி பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும், பள்ளம் சுற்றுகிற பக்கம் கம்பியும் சுற்றிக்கொண்டே போகும். கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்தால், அது ஒரு முழுச்சுற்று சுற்றி மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போனது என்று தெரிந்துவிடும். மருமகன் கோடு போட்டார், தள்ளினார். கொஞ்ச தூரம் போய் நின்றார். மறுபடி தள்ளினார். கம்பியை வெளியே எடுத்துக் கைப்பிடியை உருட்டிப் பார்த்தார்.

"இந்தக் கைப்பிடி ஏன் சுத்தல?"

நத்தை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மூன்று மாத வட்டி இருந்தது.

"நான்தான் டேப் சுத்தினேன்" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"லொடலொடன்னு ஆடிச்சு. தள்ளுறப்ப கையிலயே சுத்துச்சு. கழண்டு விழப்போகுதுன்னு பசைய ஊத்தி, மேல டேப் சுத்தி இறுக்கினேன். நாலு வருஷம் ஆச்சு. ஒரு குறையும் இல்லையே."

"சுத்தணும்னுதான் மாமா உள்ள பேரிங் வெச்சிருக்காங்க. நம்ம கை நேரா தள்ளும், கம்பி மட்டும் பள்ளத்தோட சுத்தும். நீங்க அதை இறுக்கிட்டீங்க. கம்பி சுத்த முடியாம துணி பள்ளத்துமேல வழுக்கிட்டே போயிருக்கு. அதான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு."

நத்தை அளந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதுவும் நான் இறுக்கிய கம்பியை வைத்துத்தான்.

பிளேடால் டேப்பை அறுத்தார்கள். பசையைத் தின்னர் போட்டுச் சுரண்டினார்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் கைப்பிடி பழையபடி ஆட ஆரம்பித்தது, பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மருமகன் புதுத் துணி சுற்றித் தள்ளினார். எட்டு. மறுபடி தள்ளினார். எட்டு. மூன்றாவது தடவை என் மகளைத் தள்ளச் சொன்னார். எட்டு.

"நாலு வருஷமா நான் நத்தை" என்றான் அவன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தபடி. "இன்னிக்கு உங்களுக்கு என்ன பேரு வெக்கலாம் பெரியவரே?"

"எதையாவது வை. மூணு மாசம் கழிச்சுதானே வெப்பே."

மகள் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். வெளியே வந்த பிறகுதான் பேசினாள்.

"ரெண்டு வருஷமா என் கையைச் சொன்னீங்கப்பா. கரண்டி பிடிச்சாக்கூட நடுங்குதுன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்கு முன்னாடி மருந்து ஊசி போடக்கூட எனக்குப் பயம் வந்துடுச்சு."

எனக்குப் பதில் வந்தது. ஆனால் நீளமாக வந்தது. நீளமாக வருகிற பதிலில் பாதி பொய்யாக இருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நூறு மீட்டரில் எழுபத்தேழில் மூன்று குண்டு போட்டுப் பார்த்தாள். நானே நடந்து போய்த் தாளைப் பார்த்தேன். மூன்று ஓட்டையும் வட்டம். பொட்டு வைத்த மாதிரி இருந்தது. சரி, நூறு மீட்டரில் எதுவும் ஒழுங்காகத்தான் இருக்கும். புது மருமகள் கூட முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருப்பாள்.

"கை பழகினத விட்டுட்டு, தேர்வன்னிக்குப் போய் புதுசா ஒண்ணா?" என்றேன். "போச்சுன்னா துப்பாக்கியே போச்சு. அப்புறம் பாயை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"பழகினது எண்பத்தஞ்சுதான்ப்பா குடுத்துச்சு."

"அடுத்த வருஷம் பாக்கலாமே."

"அடுத்த வருஷம் எனக்குத் துப்பாக்கி இருந்தாத்தானே?"

ஞாயிற்றுக்கிழமை குழியில் இரண்டு பேர். சொந்தக்காரர் தாளை நாம் பார்க்கக்கூடாது என்பது விதி. அதனால் அவள் தாள் ரேடியோவிடம். ரேடியோ என்பது இன்னொரு குழி ஆள், வாயை மூடவே மாட்டான். எனக்கு வந்தது பக்கத்துத் தாள். அதில் சுட்டவர் பேங்க் கேஷியர், பழைய உறுப்பினர், அவர் சுடுவதும் ஐம்பத்தைந்துக் குண்டுதான். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்.

ஒத்திகைக் குண்டு இரண்டு. அவளுடைய முதல் குண்டு தாளின் அடியில் விழுந்தது.

"வட்டமா?" என்றேன்.

"வட்டம்தான். வந்து பாரேன்."

"விதி."

"கண்ணுக்கு என்ன விதி? நான் தூக்கிக் காட்டுறேன், நீ திரும்பு."

திரும்பினேன். வட்டம்தான். இரண்டாவது ஒன்பதில் விழுந்தது. மருமகன் ராத்திரியே கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், குறி பார்க்கும் குமிழை எத்தனை கிளிக் திருகி ஏற்ற வேண்டும் என்று. பத்து கிளிக் குறைவாக இருந்திருக்கிறது அவர் கணக்கு. அதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கணக்கில் சேர்கிற பத்துக் குண்டு. நான் என் தாளைக் கவனித்தேன், காது ரேடியோ பக்கம். அவன் போனில் சொல்லச் சொல்ல நான் மனதில் கூட்டிக்கொண்டே வந்தேன். பத்து. ஒன்பது. ஒன்பது. நான்காவதுக்கு மேலே காற்று அடித்தது. குழிக்குள் தெரியாது, ஆனால் மேட்டின் மேல் மண் பறந்து என் கழுத்தில் விழுந்தது. கேஷியரின் குண்டு வலது ஓரத்துக்குப் போய் ஆறில் உட்கார்ந்தது. அவளுடையது ஒன்பது. அடுத்தது பத்து. அப்புறம் ஒன்பது.

ஏழாவதுக்கு ரேடியோ உச்சுக்கொட்டினான். "ஏழு. வலது பக்கம்."

பசை டப்பாவில் விரலை விட்டது ஞாபகம் இருக்கிறது, எடுத்தது ஞாபகம் இல்லை. எட்டாவது எட்டு. ஒன்பதாவது ஒன்பது. எண்பது ஆயிற்று. இன்னும் எட்டு வேண்டும். ரேடியோ கூடப் பேசவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவள் காற்றுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. பிறகு தலைக்கு மேலே பட்டென்று காற்றைக் கிழிக்கிற சத்தம். ரேடியோ சட்டத்தைக் கீழே இழுத்தான். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் என் தோளைத் தட்டினான். ஒன்பது.

எண்பத்தொன்பது. ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம், ஆனாலும் மிச்சம்.

நான் முதலில் செயலாளரிடம் போனேன். டேப் விஷயத்தை வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். கம்பியைக் கெடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எட்டுத் துப்பாக்கியையும் மறுபடி அளக்கவேண்டும் என்றார். நத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பாய் போட்ட இடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்கை இரண்டிலும் மண்.

"அந்த ஏழு என் கைப்பா. இழுத்துட்டேன்."

"தெரியும்" என்றேன். அன்றைக்கு எனக்கு நிறைவாக இருந்தது அந்த ஒரு பேச்சுதான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை கேட்கிறேன். "மத்த ஒம்பதும் உன் கைதான்" என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் மருமகன் விடுகிற ஆளா? இரண்டு தாளையும் புல்லில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். கேஷியர் எழுபத்தொன்பது.

"பாருங்க மாமா. ஒரே நேரம், ஒரே காத்து. அவருது மூணு சாணுக்கு மேல. இவளுது ஒண்ணரை. எட்டு அங்குலச் சுத்தும் கனக் குண்டும் சேர்ந்து பண்ணின வேலை."

"கேஷியர் காலையில மூணு டீ குடிச்சார். நான் பாத்தேன்."

"போன வருஷம் அவர் இவளைவிட ரெண்டு பாயிண்ட் கூட எடுத்தாரே?"

"போன வருஷம் அவருக்கு ஒரு வயசு கம்மி."

மகள் சிரித்துவிட்டாள். "விடுங்க, அப்பாகிட்ட போய்."

"அப்போ நேத்து டேப்பு மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?" என்றார் அவர்.

"டேப்பை நான் சுத்தினேன், எனக்குத் தெரியும். காத்துக்குள்ள குண்டு என்ன பண்ணுச்சுன்னு நீங்க போய்ப் பாத்தீங்களா? நான் பதினெட்டு வருஷமா அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், நானே பாத்ததில்ல. ஓட்டைதான் பாத்திருக்கேன். அவ நிதானமா காத்திருந்து சுட்டா, விழுந்துச்சு. தன் கை மேல பயம் போச்சு, அதான் விழுந்துச்சு. உங்க கணக்குல பத்து கிளிக் கம்மி, அதையும் சேத்து எழுதிக்குங்க."

"சரி, அடுத்த சனிக்கிழமை. இதே துப்பாக்கி. அம்பத்தஞ்சுல இருபது, எழுபத்தேழுல இருபது, மாத்தி மாத்திச் சுடட்டும். குழியில நீங்களே இருங்க. எது எந்தக் குண்டுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டோம். அப்போ ஒத்துப்பீங்களா?"

"முதல்ல அன்னிக்குக் காத்து அடிக்குதான்னு பாருங்க."

"அடிச்சா?"

"அடிச்சா, மாறி மாறி அடிக்கும்."

அவர் கையை விரித்தார். நான் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசை மேல் கிடந்த கம்பியை எடுத்துக்கொண்டேன். குழல் சூடாக இருக்கும்போதே துடைத்தால்தான் அழுக்கு வரும். பின்னால் அவர் இன்னும் என்னவோ அங்குலக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், மகள் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. துடைக்கிற அறை வரைக்கும் அந்தக் கைப்பிடி என் கையில் லொடலொடவென்று சுற்றிக்கொண்டே வந்தது. எத்தனை பேரிங் இருந்தால் என்ன, கழன்றுவிழப் போகிற சாமான் மாதிரித்தான் இருக்கிறது.